நாளின் இரண்டு பாதிகள்: யூத முழுநேரப் பள்ளிகளும் கல்வித் தேர்ச்சியும்
வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவிலுள்ள யூதப் பள்ளிகளின் கல்வித் தரத்தைக் குறித்து வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளை ஒன்றாகத் தொகுத்து, இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நாளின் பாதியைச் சமயக் கல்விக்குக் கொடுத்துவிடும் யூதப் பள்ளி மாணவர்கள், கணிதத்திலும் அறிவியலிலும் மற்ற மாணவர்களுக்கு எப்படி ஈடுகொடுக்கிறார்கள்? அவர்களுடைய பாடத்திட்டம் எத்தகையது?
– பள்ளி ஆசிரியை ஒருவர்

பதில்: அமெரிக்க யூதக் குழந்தைகளில் பலர் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையிலோ மாலையிலோ தொழுகைக்கூடம் நடத்தும் சமய வகுப்புக்குச் செல்கிறார்கள். இதற்கு மாறாக, சமயப் பாடமும் பொதுப் பாடமும் ஒரே கூரையின் கீழ் நாள் முழுவதும் கற்பிக்கப்படும் பள்ளியையே அங்கே ‘டே ஸ்கூல்’ என்கிறார்கள். நாம் அதை முழுநேரப் பள்ளி என்று குறிப்பிடலாம். நாளின் ஒரு பாதியில் எபிரேய மொழி, யூத வேதமான தோரா, தீர்க்கதரிசிகளின் நூல்கள், வாய்மொழிச் சட்டங்களின் தொகுப்பான மிஷ்னா, அதையும் அதன் மீதான விவாதங்களையும் கொண்ட தல்மூத் ஆகியவையும், மறு பாதியில் ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு ஆகியவையும் நடத்தப்படுகின்றன.

இந்த ஏற்பாடு பழைமையானதுதான் என்றாலும் பரவலானது அண்மையில்தான். ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் ரப்பி (யூதச் சமய குரு) சாம்சன் ரபேல் ஹிர்ஷ் 1853இல் தொடங்கிய பள்ளி, மரபுவழிச் சமயக் கல்வியையும் நவீனப் பாடங்களையும் ஒருசேரக் கொடுக்க முயன்ற முன்னோடிகளில் ஒன்று. நியூயார்க்கில் எட்ஸ் ஹயிம் பள்ளி 1886இல் தோன்றியது. சமயப் படிப்பை உயர்நிலைப் பள்ளிக் கல்வியோடு இணைத்த தல்மூதிக்கல் அகாதமி 1916இல் அதே நகரில் உருவாயிற்று. நியூயார்க்கின் ராமாஸ் பள்ளி, பாஸ்டன் பகுதியின் மைமோனிடிஸ் பள்ளி ஆகிய இரண்டுமே 1937இல் பிறந்தவை. 1944இல் தோரா உமெசோரா என்ற அமைப்பு நிறுவப்பட்டு, நாடெங்கும் இத்தகைய பள்ளிகளைத் திறப்பதையே தன் பணியாகக் கொண்ட பிறகுதான் எண்ணிக்கை வேகமாக வளர்ந்தது. அவி ஹாய் அறக்கட்டளை 2018–19 கல்வியாண்டுக்கு எடுத்த கணக்கின்படி, 906 பள்ளிகளில் ஏறத்தாழ 2,92,000 மாணவர்கள் படித்தார்கள்.

ஈடுகொடுப்பது எப்படி என்ற தங்கள் கேள்விக்கு நேர்விடை, பள்ளி நாளை நீட்டுகிறார்கள் என்பதே. காலை எட்டு மணி வாக்கில் தொழுகையோடு தொடங்கும் நாள், உயர்நிலை வகுப்புகளில் மாலை ஐந்து மணியையும் தாண்டிப் போவது வழக்கம். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் சபாத் ஓய்வுநாள் தொடங்குவதற்கு முன்பே வீடு திரும்ப வேண்டியிருப்பதால் வகுப்புகள் சீக்கிரம் முடிகின்றன. இந்த நீட்சி இலவசமாகக் கிடைப்பதன்று. விளையாட்டு, இசை, வெறுமனே திரிந்து கழிக்கும் மாலைப்பொழுது ஆகியவற்றிலிருந்தே அந்த மணிநேரங்கள் எடுக்கப்படுகின்றன. அதனால் சோர்ந்துபோகும் குழந்தைகளும் உண்டு. எனினும், சமயப் பாடத்தின் பாதி கல்வித் தேர்ச்சிக்கு முற்றிலும் இழப்பு என்று எண்ணிவிடக் கூடாது. அந்தப் பாதியில் மாணவர்கள் செய்வது பெரும்பாலும் கடினமான பழைய நூல்களை அன்னிய மொழியில் வரிவரியாகப் படிப்பதுதான். அது எப்படி நடக்கிறது என்பதை மூன்றாம் கேள்விக்கான பதிலில் விரிவாகச் சொல்கிறேன்.

கேள்வி: நோபல் பரிசு பெற்றவர்களில் யூதர்கள் அதிகம் என்கிறார்கள். இந்தப் பள்ளிகள்தாம் அதற்குக் காரணமா?
– கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: இல்லை. அந்த முடிவுக்கு வருவோர் காலவரிசையைக் கவனிப்பதில்லை. இருபதாம் நூற்றாண்டில் புகழ்பெற்ற அமெரிக்க யூத அறிவியலாளர்களில் மிகப் பலர் அரசுப் பள்ளிகளில் படித்து, நியூயார்க் சிட்டி காலேஜ் போன்ற அரசுக் கல்லூரிகள் வழியாக மேலே வந்தவர்கள். அவர்கள் சிறுவர்களாக இருந்த காலத்தில் முழுநேர யூதப் பள்ளிகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே இருந்தன.

விதிவிலக்குகள் உண்டு, அவை கவனிக்கத்தக்கவையும்கூட. நினைவாற்றல் மூளையில் எவ்வாறு பதிகிறது என்ற ஆய்வுக்காக 2000ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எரிக் கேண்டல், நாஜிகளிடமிருந்து தப்பி 1939இல் வியன்னாவிலிருந்து வந்த சிறுவனாக, புரூக்ளினின் பிளாட்புஷ் யெஷிவா என்னும் யூதச் சமயப் பள்ளியில் தொடக்கக் கல்வி பெற்றார்; உயர்நிலைக் கல்வியை அவர் முடித்தது அரசுப் பள்ளியில். 2005இல் பொருளியல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கணிதவியலாளர் ராபர்ட் ஆமன், பிராங்பர்ட்டிலிருந்து 1938இல் குடிபெயர்ந்து, நியூயார்க்கின் ரப்பி ஜேக்கப் ஜோசப் பள்ளியில் படித்தவர். இத்தகைய இரண்டொரு பெயர்களைக் காட்டி ஒரு பள்ளிமுறையின் தரத்தை நிறுவ முடியாது.

அமெரிக்க யூதர்களின் பொதுவான கல்வி நிலை உயர்ந்தது என்பது உண்மை. பியூ ஆய்வு மையம் 2020இல் நடத்திய கணக்கெடுப்பில், வயதுவந்த யூதர்களில் 58 விழுக்காட்டினர் பட்டதாரிகளாக இருந்தார்கள். நாட்டின் மொத்த மக்களில் அந்த அளவு பத்துக்கு மூன்று என்ற அளவிலேயே இருந்தது. ஆனால் முழுநேர யூதப் பள்ளிகளில் மிகுதியாகப் பயில்வோர் மரபுவழிப் பிரிவினர். அவர்களுள்ளும் மிகக் கட்டுப்பாடான ஹரேதிப் பிரிவினரிடையே பட்டதாரிகள் ஏறத்தாழக் கால்பங்கினரே என்றும், பொதுக் கல்வியையும் ஏற்கும் நவீன மரபுவழியினரிடையே மூன்றில் இரண்டு பங்கினரை நெருங்கும் அளவினர் என்றும் அதே மையத்தின் 2013ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு காட்டிற்று. பெற்றோர் கல்வியிடமிருந்து எதை எதிர்பார்க்கிறார்கள் என்பது, பள்ளியின் பெயர்ப்பலகையைவிட இங்கே அதிகம் பேசுகிறது.

கேள்வி: இருவர் இருவராக அமர்ந்து உரக்க விவாதித்துப் படிக்கும் முறை அங்கே உண்டு என்று கேள்விப்பட்டேன். அது பொதுப் பாடங்களிலும் உதவுகிறதா?
– ஆசிரியப் பயிற்சி மாணவி ஒருவர்

பதில்: தாங்கள் குறிப்பிடுவது ஹவ்ருதா என்னும் முறை. அதைப் புரிந்துகொள்ளத் தல்மூதின் ஒரு பக்கத்தைப் பார்த்தாக வேண்டும். நடுவில் மூலம் இருக்கும். ஒரு பக்கம் பதினொன்றாம் நூற்றாண்டில் பிரான்சின் த்ருவா நகரில் வாழ்ந்த ராஷியின் உரை. மறுபக்கம் அவருக்குப் பின்வந்தவர்கள் எழுதிய தோசபோத் என்னும் உரை, பல இடங்களில் ராஷியை மறுத்தே பேசும். மூலத்திலோ நிறுத்தற்குறியும் இல்லை, உயிர்க்குறியும் இல்லை. ஒரு வாக்கியம் கேள்வியா, விடையா, எதிராளியின் கூற்றா என்பதையே படிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டு மாணவர்கள் எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் உரக்கப் படித்துப் பொருள் சொல்ல, மற்றவர் ‘அப்படியானால் அடுத்த வரி ஏன் இப்படி வருகிறது?’ என்று மடக்குவார். ஆசிரியர் பிறகுதான் வருவார்.

பாபா மெட்ஸியா என்ற பகுதி இப்படித் தொடங்குகிறது: இருவர் ஒரே ஆடையைப் பற்றிக்கொண்டு வருகிறார்கள். முழுவதும் தன்னுடையது என்று இருவருமே சொன்னால், சத்தியம் செய்துவிட்டுப் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒருவர் முழுவதும் தன்னுடையது என்றும், மற்றவர் பாதி தன்னுடையது என்றும் சொன்னால், முதலாமவருக்கு முக்காலும் இரண்டாமவருக்குக் காலும் சேரும். ஏன் மூன்றில் இரண்டும் மூன்றில் ஒன்றும் அல்ல? பாதிக்கு மட்டும் உரிமை கேட்பவர், மீதிப் பாதி எதிராளிக்குரியது என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டார். வழக்கில் இருப்பது எஞ்சிய பாதி மட்டுமே. அதைத்தான் சமமாகப் பிரிக்கிறோம். தொடக்கப் பள்ளியின் மேல்வகுப்பில் இருக்கும் ஒரு குழந்தை, இதைத் தானாகவே வாதித்துக் கண்டடையும்போது, அது பின்னங்களையும் கற்கிறது, ஒப்புக்கொள்ளப்பட்டது எது, வழக்கிலிருப்பது எது என்று பிரித்துப் பார்க்கவும் கற்கிறது.

இந்தச் சிறிய விதி எவ்வளவு தூரம் போகிறது என்பதற்கு மேலே சொன்ன ராபர்ட் ஆமனே சான்று. தல்மூதின் கெதுபோத் பகுதியில் ஒரு புதிர் உண்டு. இறந்துபோன ஒருவர் தம் மூன்று மனைவியருக்கு முறையே 100, 200, 300 ஜூஸ் நாணயங்கள் தருவதாக மண ஒப்பந்தத்தில் உறுதியளித்திருக்கிறார். விட்டுச்சென்ற சொத்தோ போதவில்லை. சொத்து 100 என்றால் மூவருக்கும் சமபங்கு என்கிறது மிஷ்னா. 300 என்றால் 50, 100, 150. இடையில் 200 என்றால் 50, 75, 75. இந்த மூன்று தீர்ப்புகளுக்கும் பொதுவான விதி என்ன என்று உரையாசிரியர்கள் நூற்றாண்டுகளாகத் திணறினார்கள். ஆமனும் மைக்கேல் மாஷ்லரும் 1985இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், எந்த இரு மனைவியரை எடுத்துக்கொண்டாலும் அவர்களுக்குக் கிடைத்த கூட்டுத்தொகை ஆடை வழக்கின் விதிப்படியே பிரிந்திருக்கிறது என்று காட்டினார்கள். கடைசித் தீர்ப்பில் முதல் இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது 125. முதலாமவர் கோருவது 100 மட்டுமே என்பதால் 25ஐ விட்டுக்கொடுத்துவிட்டார்; இரண்டாமவரின் கோரிக்கை மொத்தத் தொகையையும் தாண்டுவதால் அவர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை; வழக்கிலிருக்கும் 100 சமமாகப் பிரிந்து, 50, 75 என்று வருகிறது. இதை நான் வியப்போடுதான் ஒவ்வொரு முறையும் கணக்கிட்டுப் பார்க்கிறேன்.

பொதுப் பாடங்களில் உதவுகிறதா என்று கேட்டீர்கள். நல்ல ஆசிரியர் கையில் உதவுகிறது என்றே நம்புகிறேன். மூலத்துக்கும் உரைக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்து, ஒரு வரியின் சொல்லமைப்பைச் சான்றாகக் காட்டி வாதிட்டுப் பழகிய மாணவர், வரலாற்று ஆவணத்தையோ வடிவியல் நிறுவலையோ எதிர்கொள்ளும்போது புதியவராக நிற்பதில்லை. ஆனால் எல்லா வகுப்பறைகளிலும் இது நடப்பதில்லை. ஆசிரியர் சொல்லுக்குச் சொல் பொருள் சொல்ல, மாணவர்கள் கூட்டாகத் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்வதோடு முடிந்துபோகும் தல்மூத் வகுப்புகளும் இருக்கின்றன. அங்கே மிஞ்சுவது நினைவுப் பயிற்சி மட்டுமே.

கேள்வி: இந்தப் பள்ளிகளின் தேர்வு மதிப்பெண்களை ஒப்பிட்டுப் பார்க்க முடியுமா? அப்படி ஒப்பிட்டால் வெற்றி யாருக்கு?
– வங்கி அலுவலர் ஒருவர்

பதில்: அரசுப் பள்ளிகளைப் போல மாநிலத் தேர்வுகளை எழுதி முடிவுகளை வெளியிட வேண்டிய கட்டாயம் பெரும்பாலான மாநிலங்களில் தனியார் பள்ளிகளுக்கு இல்லை. ஆகவே எல்லாரும் பார்க்கக்கூடிய பொதுவான தரவரிசை கிடையாது. பள்ளிகள் தாமாக வெளியிடும் கல்லூரிச் சேர்க்கைப் பட்டியல்களே விளம்பரத்தில் இடம்பெறுகின்றன.

அந்தப் பட்டியல்களை நம்பி முடிவெடுப்பதில் ஓர் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. ஆண்டுக்குப் பல்லாயிரம் டாலர் கட்டணம் செலுத்தி, அல்லது உதவித்தொகைக்காக வருமானக் கணக்கையெல்லாம் காட்டி விண்ணப்பித்து, ஒரு குழந்தையை அங்கே சேர்க்கும் பெற்றோர் ஏற்கெனவே கல்வியில் ஆழ்ந்த அக்கறை கொண்டவர்கள். நவீன மரபுவழிப் பள்ளிகளில் அந்தப் பெற்றோரில் பலர் உயர்கல்வி பெற்றவர்களும்கூட. மாணவரின் தேர்ச்சியைத் தீர்மானிப்பதில் பள்ளி வசதிகளைவிடக் குடும்பப் பின்னணியே வலியது என்று சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையிலான குழு 1966ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அரசுக்கு அளித்த அறிக்கையில் கூறிவிட்டது. உள்ளே வந்த பிள்ளைகள் யார் என்பதைக் கணக்கில் எடுக்காமல், வெளியே போகும் பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் பள்ளியின் சாதனையாகக் கொள்ளுதல் நேர்மையாகாது.

அதற்காகப் பள்ளிக்கு எந்தப் பங்கும் இல்லை என்று சொல்லமாட்டேன். அதே கோல்மன் 1988இல் எழுதிய கட்டுரையில், பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் இடையில் படிப்பை நிறுத்தியவர்களின் விழுக்காட்டை ஒப்பிட்டார். அரசுப் பள்ளிகளில் 14.4, பிற தனியார் பள்ளிகளில் 11.9, கத்தோலிக்கப் பள்ளிகளில் 3.4. தனியார் பள்ளி என்பதால் மட்டும் இந்த வேறுபாடு வரவில்லை. பெற்றோர்கள் ஒரே வழிபாட்டுச் சமூகத்தில் ஒருவரையொருவர் அறிந்து, ஒருவர் பிள்ளையை மற்றவர் கண்காணிக்கும் நிலையே காரணம் என்று அவர் வாதிட்டார். அந்தக் கட்டுரையில் நெருக்கமான சமூகப் பிணைப்புக்கு அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று, எழுத்து ஒப்பந்தமின்றி வைரப் பொதிகளைக் கைமாற்றிக்கொள்ளும் நியூயார்க் யூத வணிகர்கள். ஆசிரியரும் பெற்றோரும் ஒரே தொழுகைக்கூடத்தில் வாரந்தோறும் சந்திக்கும் யூதப் பள்ளிக்கு இந்த விளக்கம் மிகவும் பொருந்தும். பின்தங்கத் தொடங்கும் பிள்ளை அங்கே யார் கண்ணிலும் படாமல் மறைந்துபோவது கடினம்.

கல்லூரிக் கட்டத்தைப் பொறுத்தவரை, பிராண்டைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஒப்பீடு, இந்தப் பள்ளிகளில் படித்துவந்த மாணவர்கள் பிற பள்ளிகளிலிருந்து வந்த யூத மாணவர்களுக்குக் கல்வியில் பின்தங்கவில்லை என்று கண்டது. யூத மாணவர்களை யூத மாணவர்களோடே ஒப்பிட்டதால், குடும்பப் பின்னணிச் சிக்கல் ஓரளவு குறைகிறது. வெற்றி யாருக்கு என்று கேட்டீர்கள். நாளின் பாதியை வேறொன்றுக்குக் கொடுத்தும் இழப்பு ஏற்படவில்லை என்பதே என் விடை.

கேள்வி: நியூயார்க்கின் யெஷிவா ஒன்றில் தேர்வெழுதிய மாணவர் ஒருவர்கூடத் தேர்ச்சி பெறவில்லை என்ற செய்தி வந்ததே! தங்கள் விளக்கங்களோடு அது எவ்வாறு பொருந்துகிறது?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்

பதில்: ஐயா, அந்தச் செய்தி உண்மையே. புரூக்ளினில், ஹரேதிகளுள் ஒரு பிரிவான ஹசிதியரின் ஆண்கள் பள்ளி ஒன்றில், 2019இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் மாநிலத்தின் வாசிப்பு, கணிதத் தேர்வுகளை எழுதினார்கள். அனைவரும் தோல்வியுற்றார்கள் என்று 2022 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது.

நவீன மரபுவழிப் பள்ளியும் ஹசிதிய யெஷிவாவும் ஒரே கணக்கெடுப்பில் அடுத்தடுத்து எண்ணப்பட்டாலும், நாளைப் பிரிக்கும் முறையில் எதிரெதிர்த் துருவங்கள். பல ஹசிதிய ஆண்கள் பள்ளிகளில் ஆங்கிலமும் கணிதமும், பல மணிநேரத் தல்மூதுக்குப் பிறகு களைத்துப்போன பிற்பகலில், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே இடம்பெறுகின்றன; பதின்மூன்று வயதுக்குப் பிறகு பலருக்கு அதுவும் இல்லை. வீட்டிலும் வகுப்பிலும் பேசும் மொழி, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ். இதே சமூகங்களில் பெண்கள் பொதுப் பாடங்களை அதிகமாகவே கற்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். தல்மூதே வாழ்நாள் கடமை என்று ஆண்பிள்ளைகளின் நேரம் முழுவதும் அங்கே திருப்பப்படுகிறது. பெண்களுக்கு அந்தப் பாடம் விதிக்கப்படாததால் ஆங்கிலத்துக்கு நேரம் கிடைக்கிறது. ஒரே குடும்பம், ஒரே வருமானம், ஒரே தெரு. அக்காள் தடையின்றி ஆங்கிலம் எழுதுகிறாள், தம்பியால் இயலவில்லை. பள்ளி நேரம் எதற்குச் செலவாகிறது என்பதன் விளைவை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

தனியார் பள்ளியின் கல்வி அரசுப் பள்ளிக் கல்விக்குச் சாரத்தில் இணையாக இருக்க வேண்டும் என்பது நியூயார்க் மாநிலத்தின் நெடுநாளைய சட்டம். அந்தப் பள்ளிகளில் படித்து வெளிவந்த இளைஞர்களே முன்னின்று 2015இல் புகார் கொடுத்தார்கள். நகர நிர்வாகம் 2019 டிசம்பரில் தந்த அறிக்கையில், பார்வையிடப்பட்ட 28 பள்ளிகளில் இரண்டே அந்த அளவுகோலை எட்டியிருந்தன. மாநிலக் கல்வி வாரியம் 2022இல் புதிய விதிமுறைகளை ஏற்றபோது, ஹசிதியச் சமூகத்தினர் பெருந்திரளாக எதிர்த்தார்கள். தல்மூதே கூர்மையான சிந்தனையைக் கொடுக்கிறது என்பதும், பிள்ளையின் கல்வியைத் தீர்மானிப்பது பெற்றோரின் சமய உரிமை என்பதும் அவர்களுடைய வாதம்.

முதல் வாதத்தின் உண்மையை மூன்றாம் பதிலில் நானே விரிவாகச் சொன்னேன். எனினும் தர்க்கம் எவ்வளவு கூர்மையானாலும், தான் வாழும் நாட்டின் மொழியில் ஒரு விண்ணப்பத்தை நிரப்பவோ மருத்துவரின் குறிப்பைப் படிக்கவோ இயலாத இளைஞருக்கு அது வழிகாட்டாது. பின்னாளில் அந்தச் சமூகத்திலேயே தங்கி வாழ விரும்புகிறவருக்கும் ஆங்கிலமும் கணக்கும் தேவைப்படும். பெற்றோரின் உரிமையை நான் மதிக்கிறேன். அது பிள்ளையின் எழுத்தறிவை விட்டுக்கொடுக்கும் உரிமையாக விரியக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: வாசிப்பதில் சிரமப்படும் குழந்தைக்கு இரண்டு பாடத்திட்டங்கள் இரட்டைச் சுமையாகாதா?
– ஒரு தாய்

பதில்: ஆகும் அம்மா, அதை மறைப்பதில் பயனில்லை. இடமிருந்து வலமாக ஓர் எழுத்தையும், வலமிருந்து இடமாக வேறோர் எழுத்தையும் ஒரே காலத்தில் கற்பது பல குழந்தைகளுக்கு இயல்பாகக் கைகூடுகிறது. டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ள குழந்தைக்கு அப்படியில்லை. எபிரேயத்தில் உயிரொலிகள் எழுத்துக்குக் கீழும் மேலும் சிறு புள்ளிகளாக வருவதும், மேல்வகுப்புகளில் அவையும் நீங்கிவிடுவதும் கூடுதல் தடை.

அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி, சிறப்புத் தேவையுள்ள குழந்தைக்குத் தகுந்த கல்வியை இலவசமாக அளிக்க வேண்டிய கடமை அரசுப் பள்ளி அமைப்பைச் சார்ந்தது. பெற்றோர் தம் விருப்பத்தால் தனியார் பள்ளியில் சேர்த்த குழந்தைக்கு அந்த முழு உரிமை கிடைப்பதில்லை. வரையறுக்கப்பட்ட சில சேவைகளே கிடைக்கின்றன. ஆகவே சிறப்பாசிரியரை நியமிக்கும் செலவு யூதப் பள்ளியின் மீதோ பெற்றோரின் மீதோ விழுகிறது. சில பள்ளிகள் எபிரேயப் பாடத்தைக் குறைத்தும், செவிவழிக் கற்பித்தலைக் கூட்டியும் இத்தகைய குழந்தைகளைத் தக்கவைக்கின்றன. வேறு சில பள்ளிகள், இந்தப் பள்ளி உங்கள் பிள்ளைக்கு ஏற்றதன்று என்று மெல்லச் சொல்லி அனுப்பிவிடுகின்றன. அதன் பிறகு அவற்றின் சராசரி மதிப்பெண் உயர்ந்து காணப்படுவதில் வியப்பில்லை. பெற்றோர் ஒரு பள்ளியைப் பார்வையிடச் செல்லும்போது, சென்ற ஆண்டு இடையில் விலகிய பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் ஏன் விலகினார்கள் என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு கல்லூரிச் சேர்க்கைப் பட்டியலைப் பார்க்கலாம்.

கேள்வி: ஒரு வகுப்பில் எத்தனை மாணவர்கள் இருக்கலாம் என்று தல்மூதே வரையறுத்திருக்கிறதாமே?
– ஆய்வு மாணவர் ஒருவர்

பதில்: ஆம். பாபா பத்ரா பகுதியில் அந்த விதி இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் அதைத் தொகுத்துரைத்தார்: ஓர் ஆசிரியரிடம் 25 குழந்தைகள் வரை கற்கலாம், 25ஐத் தாண்டினால் 40 வரை உதவியாளர் ஒருவர் வேண்டும், 40ஐத் தாண்டினால் இரண்டு ஆசிரியர்களை அமர்த்த வேண்டும். இஸ்ரேலின் அரசுப் பள்ளிகளில் வகுப்புக்கு 40 பேர் என்ற உச்சவரம்பு இருந்ததால், 41ஆவது குழந்தை சேர்ந்தவுடன் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. பொருளியலாளர்கள் ஜோஷுவா ஆங்ரிஸ்டும் விக்டர் லாவியும் இதையே இயற்கையான சோதனையாகக் கொண்டு 1999இல் வெளியிட்ட ஆய்வில், சிறிய வகுப்புகளால் நான்காம், ஐந்தாம் வகுப்பு மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்ததைக் கண்டார்கள். பிற்கால ஆண்டுகளின் தரவுகளை வைத்து, அவர்கள் இருவரும் வேறு இருவரோடு சேர்ந்து 2019இல் அதே முறையில் மீண்டும் ஆராய்ந்தபோது, அந்தப் பயன் தென்படவில்லை. தங்கள் முந்தைய முடிவை இவ்வளவு வெளிப்படையாக மறுசோதனைக்கு உட்படுத்தியது பாராட்டுக்குரியது.

அமெரிக்க முழுநேரப் பள்ளிகளில், குறிப்பாக நியூயார்க், நியூஜெர்சி பகுதிகளுக்கு வெளியே, சிக்கல் பெரும்பாலும் எதிர்த்திசையில் இருக்கிறது. அங்கே பள்ளி முழுவதிலும் நூறு மாணவர்கள்கூட இல்லாத இடங்கள் பல. ஐந்தாறு பேர் மட்டுமே உள்ள வகுப்பில் ஆசிரியரின் கவனம் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் உயர்நிலை இயற்பியலுக்குத் தனி ஆசிரியரை அமர்த்தக் கட்டணம் போதாது, ஹவ்ருதாவுக்குத் தனக்கு நிகரான இணையைத் தேர்ந்தெடுக்கவும் மாணவருக்கு வழியிருக்காது.